நெட்வொர்க் இன்ஜினியர்களுக்குத் தகவல் பாதுகாப்பு கம்ப்ளையன்ஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆடிட் (தணிக்கை) நெருங்கும்போதெல்லாம் நெட்வொர்க் டீம்களில் இருந்து ஒரே மாதிரியான சந்தேகங்கள் என்னிடம் வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை பின்னால். ரூட்டிங், ஸ்விட்சிங், ஃபயர்வால் தெரிந்தவர்களை மனதில் வைத்து எழுதியது. ஆடிட் பற்றி எதுவும் தெரிந்திருக்கத் தேவையில்லை.

நான் ரூட்டர், ஸ்விட்ச், ஃபயர்வால் பார்க்கிற ஆள். கம்ப்ளையன்ஸ் செக்யூரிட்டி டீமோட வேலைதானே, எனக்கு எதுக்கு?

கொள்கையை எழுதுவது அவர்கள் வேலை. அந்தக் கொள்கை நடைமுறையில் இருக்கிறதா என்பதற்கு விடை உங்கள் கான்ஃபிகரேஷனில்தான் இருக்கிறது. "நிர்வாக லாகின் எல்லாம் என்கிரிப்ஷனோடுதான் நடக்கும்" என்று ஆவணத்தில் ஒரு வரி இருந்தால், என்கிரிப்ஷன் இல்லாத டெல்நெட் லாகின் மூடியிருக்கிறதா என்று பார்க்க ஆடிட்டர் உங்கள் ஸ்விட்சுக்குத்தான் வருவார். செக்யூரிட்டி டீமில் பலருக்கு அந்த ஸ்விட்சில் லாகின்கூட இருக்காது.

இதற்குத் தேவையான திறமையில் பெரும்பகுதி உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஏசிஎல் (எந்தப் போக்குவரத்தை விடலாம் என்ற அனுமதிப் பட்டியல்) எழுதுகிறீர்கள், பேக்கப் எடுக்கிறீர்கள், பேட்ச் போடுகிறீர்கள். பலரிடம் குறைவது ஒன்றுதான்: செய்ததை யார் கேட்டு, எதற்காக, எப்போது செய்தோம் என்று இன்னொருவருக்குக் காட்டும்படி வைத்துக்கொள்கிற பழக்கம்.

செக்யூரிட்டியும் கம்ப்ளையன்ஸும் ஒண்ணுதானே?

இல்லை. செக்யூரிட்டி என்பது தாக்குபவரைத் தடுப்பது. கம்ப்ளையன்ஸ் என்பது ஒப்புக்கொண்ட விதிகளின்படி தடுப்பு வேலைகள் நடக்கின்றன என்று நிரூபிப்பது. ஆடிட்டில் தேறிய நிறுவனத்திலும் ஊடுருவல் நடக்கலாம். நல்ல பாதுகாப்பு உள்ள நிறுவனம் காகிதம் இல்லாமல் ஆடிட்டில் மாட்டிக்கொள்ளலாம்.

ஆனாலும் இரண்டையும் எதிரெதிராக வைப்பது சரியில்லை என்பது என் கருத்து. மூன்று வருடமாக யாரும் திறந்து பார்க்காத ஃபயர்வால் விதியை ஒரு நாள் திறந்து பார்க்க வைப்பது பெரும்பாலும் ஆடிட்தான். அந்த நெருக்கடி இல்லாவிட்டால் அந்த வேலை தள்ளிப்போய்க்கொண்டேதான் இருக்கும்.

ஐஎஸ்ஓ 27001, பிசிஐ டிஎஸ்எஸ், சாக் 2, நிஸ்ட், சிஐஎஸ்னு ஏகப்பட்டது இருக்கு. எல்லாத்தையும் படிக்கணுமா?

வேண்டாம். உங்கள் நிறுவனம் எதற்குக் கட்டுப்பட்டிருக்கிறது என்று முதலில் கேளுங்கள். ஐஎஸ்ஓ 27001 ஒரு மேலாண்மைத் தரநிலை. அதன் 2022 பதிப்பின் பின்னிணைப்பில் 93 கட்டுப்பாடுகள், அவற்றில் தொழில்நுட்பம் சார்ந்தவை 34. பிசிஐ டிஎஸ்எஸ், கார்டு தரவைக் கையாளும் எல்லோருக்குமானது. 12 பெரிய தேவைகளாகப் பிரிந்திருக்கும், 4.0.1 பதிப்பு 2024 ஜூனில் வந்தது. சாக் 2, சேவை நிறுவனங்களின் கட்டுப்பாடுகள் பற்றிய தணிக்கை அறிக்கை, சான்றிதழ் அல்ல. அதில் முதல் வகை ஒரு குறிப்பிட்ட தேதியில் நிலவரம் எப்படி இருந்தது என்று பார்க்கும். இரண்டாம் வகை ஒரு காலகட்டம் முழுக்கக் கட்டுப்பாடு வேலை செய்ததா என்று பார்க்கும். அமெரிக்கத் தரநிலை அமைப்பான நிஸ்ட்டின் சைபர் பாதுகாப்புச் சட்டகம் 2024 பிப்ரவரியில் 2.0 ஆனது, அது திட்டமிட உதவும் வரைபடம் போன்றது. சிஐஎஸ் பெஞ்ச்மார்க்குகள் நேரடியாகக் கருவி மட்டத்தில் பேசுபவை, எந்தக் கட்டளை இருக்க வேண்டும் என்பதுவரை சொல்லும்.

முதல் இரண்டுக்கும் உள்ள குணவேறுபாட்டைத் தெரிந்துகொள்ளுங்கள். பிசிஐ பல இடங்களில் எண்ணையே கொடுத்துவிடும்: ஆறு மாதம், 12 மாதம், 15 நிமிடம். ஐஎஸ்ஓ பெரும்பாலும் எண் கொடுக்காது. எது பொருத்தமோ அதை நீங்களே முடிவு செய்து எழுதுங்கள், எழுதியதைச் செய்யுங்கள் என்கும். அதனால் கொள்கை எழுதும் கூட்டத்துக்கு உங்களைக் கூப்பிட்டால் கட்டாயம் போங்கள். "எல்லா லாகையும் தினமும் பார்ப்போம்" என்று யாராவது ஆர்வத்தில் எழுதிவைத்தால், அதைச் செய்யாத ஒவ்வொரு நாளும் உங்கள் கணக்கில் குறையாக ஏறும்.

அதுல எனக்கு நேரடியா சம்பந்தப்பட்டது எவ்வளவு?

ஐஎஸ்ஓ 27001:2022-இல் 8.20 நெட்வொர்க் பாதுகாப்பு, 8.21 நெட்வொர்க் சேவைகளின் பாதுகாப்பு, 8.22 நெட்வொர்க்குகளைப் பிரித்து வைப்பது. இவற்றோடு 8.9 கான்ஃபிகரேஷன் மேலாண்மை, 8.15 லாக், 8.17 கடிகார ஒத்திசைவு, 8.32 மாற்ற மேலாண்மை, 8.8 தொழில்நுட்பப் பலவீனங்கள். பிசிஐயில் 1, 2, 8, 10, 11 ஆகிய தேவைகள். இவ்வளவையும் நிதானமாகப் படிக்க ஒரு வாரயிறுதி போதும்.

எவிடென்ஸ் கொடுங்கன்னு கேக்குறாங்க. என்னத்தைக் கொடுக்கறது?

ஆடிட்டர் தேடுவது மூன்று விஷயங்கள்: விதி எங்கே எழுதியிருக்கிறது, கருவியில் அப்படியே இருக்கிறதா, இடையில் தொடர்ந்து அப்படியே இருந்ததா. முதலாவதற்கு ஆவணம். இரண்டாவதற்கு கான்ஃபிக். மூன்றாவதுதான் பலரிடம் இருக்காது. அதற்கு டிக்கெட்டுகள் (மாற்றக் கோரிக்கைப் பதிவுகள்), மறுஆய்வுக் குறிப்புகள், தேதியிட்ட பேக்கப்புகள் வேண்டும்.

ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் கருவியின் பெயரும் தேதியும் நேரமும் அதிலேயே தெரிய வேண்டும். கட்டளையையும் அதன் விடையையும் சேர்த்துக் கொடுங்கள். விடையை மட்டும் வெட்டி ஒட்டினால் அது எந்தப் பெட்டியிலிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. கான்ஃபிக்கை அனுப்பும் முன் பாஸ்வேர்டு ஹேஷ்கள், எஸ்என்எம்பி (கருவிகளைக் கண்காணிக்கும் நெறிமுறை) பாஸ்வேர்டு போலப் பயன்படுத்தும் கம்யூனிட்டி பெயர்கள், விபிஎன் முன்பகிர்வுச் சாவிகள் ஆகியவற்றை மறைத்துவிடுங்கள். சிஸ்கோவின் டைப் 7 பாஸ்வேர்டு நொடியில் திருப்பி எடுக்கக்கூடியது. அதை மெயிலில் அனுப்புவது பாஸ்வேர்டையே அனுப்புவதற்குச் சமம். ஆடிட்டருக்காகத் தயாரித்த கோப்பே கசிவுக்கு வழியாகிவிடக் கூடாது.

எல்லாவற்றையும் அள்ளிக் கொட்டவும் வேண்டாம். கேட்டது 25 கருவிகளின் மாதிரி என்றால் அந்த 25 மட்டும். எந்த 25 என்பதை ஆடிட்டரே தேர்ந்தெடுக்கட்டும். அப்போது அவர் முதலில் கேட்பது முழுக் கருவிப் பட்டியல். அந்தப் பட்டியலில் இல்லாத ஸ்விட்ச் ஒன்று வரைபடத்தில் இருந்தால், மற்ற எல்லாக் கேள்விகளும் அங்கிருந்துதான் கிளம்பும். ஆகவே கருவிப் பட்டியல், நெட்வொர்க் வரைபடம், தரவு எந்த வழியாக ஓடுகிறது என்பதற்கான படம் மூன்றும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று முதலில் நீங்களே சரிபாருங்கள்.

ஃபயர்வால்ல ஆயிரக்கணக்குல ரூல் இருக்கு. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ரிவ்யூ பண்ணச் சொன்னா எப்படி?

பிசிஐயின் 1.2.7 ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது பார்க்கச் சொல்கிறது என்பது உண்மை. ஆனால் வரிசையாக முதல் விதியிலிருந்து கடைசி விதிவரை கண்ணை ஓட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுவது மறுஆய்வு ஆகாது. ஒவ்வொரு விதிக்கும் நாலு தகவல் வேண்டும்: சொந்தக்காரர் யார், காரணம் என்ன, எந்த டிக்கெட்டில் வந்தது, எப்போது காலாவதி. புதிய விதிகளில் இன்றே இதைக் கட்டாயமாக்குங்கள். குறிப்புப் பகுதியில் டிக்கெட் எண் இல்லாத விதி போடவே முடியாது என்ற நிலை வந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

பழைய குவியலைக் குறைக்க ஒரு வரிசை சொல்கிறேன். முதலில் ஹிட் கவுண்ட் (விதி எத்தனை முறை பயன்பட்டது என்ற எண்ணிக்கை) பூஜ்யமாக இருப்பவை. கருவி ரீபூட் ஆனால் சில மாடல்களில் கவுண்டர் அழிந்துவிடும், ஆகவே எத்தனை நாள் எண்ணிக்கை என்று பார்த்துக்கொள்ளுங்கள். வருடக் கடைசியில் மட்டும் ஓடும் வேலைகளுக்கான விதிகளும் பூஜ்யமாகத்தான் தெரியும். அதனால் நேரடியாக அழிக்காமல் முதலில் முடக்கி வையுங்கள். அடுத்து, மேலே உள்ள அகலமான விதி மறைத்துவிட்டதால் ஒருபோதும் எட்டாத விதிகள். பிறகு மூலம், இலக்கு, சேவை என்ற மூன்றில் எதிலாவது "எனி" (எதுவானாலும் சரி) இருப்பவை. "தற்காலிகம்" என்று பெயர் வைத்திருப்பவற்றைத் தனியாகத் தேடுங்கள், நிச்சயம் கிடைக்கும்.

மிச்சமிருப்பதைச் சொந்தக்காரர்களுக்குப் பிரித்து அனுப்பி, வேண்டுமா வேண்டாமா என்று பதில் வாங்குங்கள். அந்தப் பதில்தான் உங்கள் எவிடென்ஸ். சர்வர் எதற்கு இருக்கிறது என்று நெட்வொர்க் டீம் ஊகிக்கத் தேவையில்லை. அந்தப் பொறுப்பை நீங்களே சுமந்தால் மறுஆய்வு ஒருநாளும் முடியாது.

விலேன் பிரிச்சு வச்சிருக்கேன். செக்மென்டேஷன் ஆச்சுல்ல?

ஒரு ஸ்விட்சைத் தனித்தனி நெட்வொர்க்குகளாகப் பிரிக்கும் விலேன் மட்டும் போதாது. இரண்டு விலேன்களுக்கும் நடுவில் லேயர் 3 ஸ்விட்ச் தாராளமாக ரூட் செய்துகொண்டிருந்தால் பாதுகாப்புக் கண்ணில் அது ஒரே நெட்வொர்க்தான். நடுவில் ஏசிஎல்லோ ஃபயர்வாலோ இருந்து, தேவையானதைத் தவிர எல்லாவற்றையும் மறுக்க வேண்டும். மேனேஜ்மென்ட் நெட்வொர்க்கைப் பலர் மறந்துவிடுவார்கள். எல்லா மண்டலங்களையும் தொடும் மேனேஜ்மென்ட் விலேன் ஒன்று திறந்து கிடந்தால் மற்ற பிரிவினையெல்லாம் வீண்.

பிசிஐயில் செக்மென்டேஷன் கட்டாயம் இல்லை. ஆனால் அது இல்லாவிட்டால் முழு நெட்வொர்க்கும் ஆடிட் எல்லைக்குள் வந்துவிடும், பிரிண்டர்வரை. பிரித்திருக்கிறோம் என்று சொல்லி எல்லையைக் குறைத்தால், அந்தப் பிரிவினை நிஜமாகவே நிற்கிறதா என்று 12 மாதத்துக்கு ஒருமுறையாவது ஊடுருவல் சோதனையில் காட்ட வேண்டும். சேவை வழங்குநர்களுக்கு ஆறு மாதம். நெட்வொர்க் இன்ஜினியரின் டிசைன் நேரடியாகப் பணத்தையும் உழைப்பையும் மிச்சப்படுத்தும் இடம் இதுதான். உங்கள் மேலாளரிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

அட்மின் பாஸ்வேர்டு டீம்ல எல்லாருக்கும் ஒண்ணுதான். ராத்திரி அவசரத்துக்கு அதுதானே வசதி?

வசதிதான். ஆனால் லாகில் "அட்மின்" என்று மட்டும் தெரிந்தால் அந்த ரூட்டை அழித்தது யார் என்று எப்படிச் சொல்வீர்கள்? செய்யாத தவறுக்கு ஒருவர் மாட்டிக்கொள்ளாமல் இருக்கவும் தனி ஐடி வேண்டும்.

மைய சர்வரில் தனித்தனிக் கணக்குகள் வையுங்கள். டக்காக்ஸ் பிளஸ், ரேடியஸ் போன்ற லாகின் நெறிமுறைகள் இதற்குத்தான். டக்காக்ஸ் பிளஸ் என்றால் ஒவ்வொரு கட்டளைக்கும் அனுமதி சரிபார்த்துப் பதிவு செய்ய முடியும், பாக்கெட்டின் உடல் முழுக்க மறைக்கப்படும். வழக்கமான ரேடியஸில் பாஸ்வேர்டு மட்டும்தான் மறையும். ஆகவே கருவி நிர்வாகத்துக்கு நான் டக்காக்ஸ் பக்கம்தான். அதிலும் பழைய மறைப்பு முறை பலவீனமானது என்பதால் மேனேஜ்மென்ட் நெட்வொர்க்குக்குள்ளேயே ஓட விடுங்கள்.

மைய சர்வர் விழுந்தால் நுழைய ஒரு உள்ளூர் கணக்கு வேண்டும், அதில் தவறில்லை. பாஸ்வேர்டைப் பூட்டிய பெட்டகத்தில் வைத்து, யார் எப்போது எடுத்தார் என்று பதிந்து, பயன்படுத்தியதும் மாற்றினால் ஆடிட்டர் ஏற்றுக்கொள்வார்.

லாக் எவ்வளவு நாள் வச்சிருக்கணும்?

பிசிஐ என்றால் 12 மாதம். அதில் கடைசி மூன்று மாதம் உடனே எடுத்துப் பார்க்கும்படி இருக்க வேண்டும். மற்றவற்றில் உங்கள் கொள்கையும் உங்களுக்குப் பொருந்தும் சட்டமும் சொல்வதுதான் கணக்கு. கருவிக்குள்ளேயே இருக்கும் பஃபரை லாக் என்று காட்டாதீர்கள், ரீபூட் ஆனால் போய்விடும். வெளி சர்வருக்கு அனுப்புங்கள். 514-ஆம் போர்ட்டில் யுடிபி வழியாகப் போகும் சிஸ்லாக் வழியில் தொலையலாம், பிறர் படிக்கலாம்; கருவி அனுமதித்தால் 6514-இல் டிஎல்எஸ் வழியாக அனுப்புங்கள்.

கூடவே என்டிபி, அதாவது கருவிகளின் கடிகாரங்களை ஒத்திசைக்கும் நெறிமுறை. ஃபயர்வாலின் கடிகாரம் ஏழு நிமிடம் பின்னால் இருந்தால், சம்பவம் நடந்த அன்று ஃபயர்வால் லாகையும் சர்வர் லாகையும் கோத்துப் பார்க்க முடியாது. எல்லாக் கருவியும் ஒரே உள் மூலத்திலிருந்து நேரம் வாங்கட்டும், டைம்ஸோனும் ஒரே மாதிரி இருக்கட்டும். இவ்வளவு சின்ன வேலை ஆடிட்டில் இத்தனை பேரைத் தடுமாற வைப்பதைப் பார்த்தால் வருத்தமாக இருக்கும்.

பழைய ஸ்விட்ச், எஸ்எஸ்ஹெச் (என்கிரிப்ஷனோட லாகின்) வராது, எஸ்என்எம்பி 2சி மட்டும்தான். மாத்த பட்ஜெட் இல்லை. என்ன பண்றது?

முதலில், மறைக்காதீர்கள். எழுத்துப்பூர்வமான விதிவிலக்கு ஒன்று தயார் செய்யுங்கள்: எந்தக் கருவி, எந்த விதியைப் பூர்த்தி செய்யவில்லை, ஆபத்து என்ன, அதுவரை என்ன மாற்று ஏற்பாடு, எந்தத் தேதிக்குள் மாற்றுவோம். கையெழுத்து போடுவது நீங்கள் அல்ல. அந்த ஆபத்தை ஏற்கும் அதிகாரம் உள்ளவர் போட வேண்டும்.

மாற்று ஏற்பாடு என்றால் நிஜமாக ஆபத்தைக் குறைக்க வேண்டும். டெல்நெட்டை ஒரேயொரு ஜம்ப் சர்வரிலிருந்து (நிர்வாக லாகின்கள் கடந்துபோகும் இடைநிலை சர்வர்) மட்டும் அனுமதிப்பது, அந்த ஜம்ப் சர்வருக்கு இரட்டை அடையாளச் சோதனை, எஸ்என்எம்பியைப் படிக்க மட்டும் என்று சுருக்கி ஏசிஎல் போடுவது, இயல்பாக வரும் "பப்ளிக்", "பிரைவேட்" பெயர்களைத் தூக்குவது. எஸ்என்எம்பி 2சியில் கம்யூனிட்டி பெயர் அப்படியே கம்பியில் போகும் என்பதால், அந்தப் பெயரை வேறு எங்கும் பாஸ்வேர்டாக வைக்காதீர்கள். விதிவிலக்குக்கு முடிவுத் தேதி கட்டாயம். தேதி இல்லாத விதிவிலக்கைப் பல ஆடிட்டர்கள் விதிமீறலாகவே எடுத்துக்கொள்வார்கள்.

ராத்திரி ரெண்டு மணிக்கு லிங்க் போச்சு. அப்ரூவல் வாங்கிட்டா மாத்த முடியும்?

முடியாதுதான், யாரும் அதை எதிர்பார்க்கவும் இல்லை. உங்கள் மாற்ற நடைமுறையில் "அவசர மாற்றம்" என்ற வகை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சேர்க்கச் சொல்லுங்கள். பொறுப்பில் இருக்கும் ஒருவரிடம் போனில் வாய்மொழி ஒப்புதல், மாற்றத்துக்கு முன்னும் பின்னும் கான்ஃபிக் பேக்கப், அடுத்த வேலை நாளுக்குள் டிக்கெட். இவ்வளவு போதும்.

ஒரு எச்சரிக்கை. மாதத்தின் மாற்றங்களில் பாதிக்குமேல் அவசரம் என்று வந்தால் ஆடிட்டர் அதைத்தான் கேட்பார், கேட்பதும் நியாயம். அப்புறம், அவசரத்தில் ரன்னிங் கான்ஃபிக்கை மாற்றிவிட்டுச் சேமிக்காமல் விட்டது பிறகு தலைவலியாகும். ஓடும் கான்ஃபிக்கும் சேமித்த கான்ஃபிக்கும் ஒன்றாக இருக்கிறதா என்று பிசிஐ 1.2.8 நேரடியாகவே பார்க்கிறது.

ஸ்கேனர் ரிப்போர்ட்ல நூத்துக்கணக்குல வந்திருக்கு. பாதி தப்பு. எல்லாத்துக்கும் பேட்ச் போடணுமா?

ஸ்கேனர் பெரும்பாலும் பதிப்பு எண்ணைப் பார்த்துச் சொல்கிறது. பலவீனம் இருக்கும் அம்சம் உங்கள் கருவியில் இயக்கத்திலேயே இல்லாமல் இருக்கலாம். லினக்ஸ் அடிப்படையிலான பெட்டிகளில் திருத்தம் உள்ளே வந்தும் பதிப்பு எண் பழையதாகவே தெரியலாம். தவறு என்று சொல்வதற்கு உங்கள் வாய்ச்சொல் போதாது. தயாரிப்பாளரின் அறிவிப்பில் எந்த நிபந்தனையில் பாதிப்பு என்று இருக்கும்; அந்த நிபந்தனை உங்களிடம் இல்லை என்று காட்டும் கட்டளை விடையையும் சேர்த்து வையுங்கள்.

நிஜமானவற்றில் வெளியே முகம் காட்டும் கருவிகள் முதலில். ஃபயர்வால், விபிஎன் கருவிகளின் பலவீனங்கள் வெளிவந்த சில நாட்களிலேயே தாக்குதலுக்குப் பயன்படுவது வாடிக்கையாகிவிட்டது. பிசிஐ, மிக முக்கியமானவற்றுக்கு ஒரு மாதம் தருகிறது. அது அதிகபட்ச எல்லை. இணையத்தைப் பார்த்து நிற்கும் விபிஎன் பெட்டிக்கு ஒரு மாதம் காத்திருக்காதீர்கள்.

கிளவுடுக்குப் போயிட்டோம். அவங்ககிட்ட எல்லா சர்டிபிகேட்டும் இருக்கு. எங்களுக்கு வேலை மிச்சம்தானே?

கட்டடம், மின்சாரம், ஹார்டுவேர், ஹைப்பர்வைசர் அவர்களுடையது. ரூட் டேபிள், செக்யூரிட்டி குரூப், லாக் இயக்குவது, யாருக்கு அனுமதி என்பதெல்லாம் உங்களுடையது. 22-ஆம் போர்ட்டை 0.0.0.0/0-க்கு, அதாவது இணையம் முழுவதற்கும், திறந்து வைத்தால் வழங்குநரின் சான்றிதழ் உங்களைக் காப்பாற்றாது. எது யார் பொறுப்பு என்ற பட்டியலை அவர்களிடம் வாங்கிக்கொண்டு, உங்கள் பக்கத்துக்கு மேலே ஃபயர்வால் பற்றிச் சொன்ன அதே மறுஆய்வைச் செய்யுங்கள்.

ஆட்டோமேஷன் தெரிஞ்சா இதெல்லாம் ஈசி ஆகுமா?

நிறையவே. கான்ஃபிக், மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் (Git) மென்பொருளில் இருந்தால் யார், எப்போது, ஏன் என்பது கமிட் (commit) பதிவிலேயே இருக்கிறது. இன்னொருவர் பார்த்து இணைத்தால் அதுவே ஒப்புதல். ஒவ்வொரு இரவும் எல்லாக் கருவியின் கான்ஃபிக்கையும் எடுத்து அடிப்படை வார்ப்போடு ஒப்பிட்டு, வித்தியாசத்தை மட்டும் அனுப்பும் சின்ன பைத்தான் ஸ்கிரிப்ட் எழுதத் தெரிந்தால் போதும். "தொடர்ந்து அப்படியே இருந்ததா" என்று முன்பு சொன்ன மூன்றாவது கேள்விக்கு அதைவிட நல்ல பதில் இல்லை. ஸ்கிரிப்ட் பயன்படுத்தும் கணக்குக்கு எல்லாக் கருவியிலும் அனுமதி இருக்கும் என்பதை மறக்காதீர்கள். அதன் பாஸ்வேர்டு ஸ்கிரிப்டுக்குள் எழுதியிருக்கக் கூடாது. படிக்க மட்டும் அனுமதி போதுமென்றால் அதற்குமேல் கொடுக்காதீர்கள்.

எந்த சர்டிபிகேஷன் பண்ணலாம்?

நீங்கள் இந்தப் பக்கம் முழுதாக வர நினைத்தால் மட்டும் யோசியுங்கள். தகவல் பாதுகாப்புச் சான்றிதழான சிஐஎஸ்எஸ்பிக்கு, அதன் எட்டுத் துறைகளில் இரண்டிலாவது ஐந்து வருட அனுபவம் வேண்டும். பட்டம் ஒரு வருடத்தைக் குறைக்கும், தேர்வை முன்பே எழுதவும் வழி உண்டு. தணிக்கையாளராக மாற விரும்பினால் சிஐஎஸ்ஏ அல்லது ஐஎஸ்ஓ 27001 லீட் ஆடிட்டர். என் ஆலோசனை, பணம் கட்டும் முன் ஒரு உள் ஆடிட்டில் உட்கார இடம் கேளுங்கள். கேள்வி கேட்கும் பக்கம் ஒருமுறை இருந்து பார்த்தால், பதில் சொல்லும் விதமே மாறிவிடும்.

போன காலாண்டு ரிவ்யூ பண்ண மறந்துட்டோம். பழைய தேதி போட்டு இப்ப ரெடி பண்ணச் சொல்றாங்க. பண்ணலாமா?

கூடாது. விட்டுப்போன மறுஆய்வு ஒரு குறை. ஆடிட்டில் குறை வருவதும் திருத்துவதும் சகஜம். பழைய தேதி போட்ட ஆவணம் மோசடி, அதில் இருப்பது உங்கள் கையெழுத்து. கோப்பின் உருவாக்கத் தேதி, மெயில் நேரம், டிக்கெட் எண்ணின் வரிசை என்று அதைக் காட்டிக்கொடுக்க எத்தனையோ வழிகள் உண்டு. ஒன்று பிடிபட்டால் நீங்கள் ஒழுங்காகச் செய்த மற்ற எல்லாமும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

மறுஆய்வை இன்றே செய்து இன்றைய தேதியே போடுங்கள். போன காலாண்டு விட்டுப்போனது, காரணம் இது, இனி விடாமல் இருக்க இந்த ஏற்பாடு என்று ஒரு பத்தி எழுதுங்கள். மேலே இருப்பவர் வற்புறுத்தினால் "எழுத்தில் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். பெரும்பாலும் அதோடு விட்டுவிடுவார்கள். விடாவிட்டால் கம்ப்ளையன்ஸ் பொறுப்பாளரிடம் நீங்களே போகலாம்.

ஆடிட்டரே தப்பா சொன்னா? எதிர்த்துப் பேசலாமா?

பேசலாம், மரியாதையாக. "எந்தத் தேவை எண்ணின் கீழ் இது வருகிறது?" என்று கேட்டால் போதும். உதாரணத்துக்கு, எல்லா பாஸ்வேர்டையும் 90 நாளுக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும் என்று சொன்னால், பிசிஐ 8.3.9-ஐத் திறந்து காட்டுங்கள். பாஸ்வேர்டு ஒன்றே அடையாளமாக இருக்கும் கணக்குகளுக்குத்தான் அந்த 90 நாள், அதற்கும் மாற்று வழி அங்கேயே இருக்கிறது. இரட்டை அடையாளச் சோதனை உள்ள கணக்குக்கு அது பொருந்தாது.

எண்ணைச் சொல்லிவிட்டார், படித்துப் பார்த்தால் அவர் சொன்னது சரி என்றால் உடனே ஒப்புக்கொள்ளுங்கள். எண் தரநிலையில் இல்லை, ஆனால் உங்கள் நிறுவனக் கொள்கையில் அப்படியே எழுதியிருக்கிறது என்றால் அப்போதும் அவர் பக்கமே நியாயம்; மாற்ற வேண்டியது கொள்கையை. இரண்டிலும் இல்லையென்றால் உங்கள் விளக்கத்தை எழுத்தில் கொடுத்து, அறிக்கை இறுதியாகும் முன் அதற்குப் பதில் கேளுங்கள். தெரியாத கேள்வி வந்தால் "பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்லி, சொன்ன நாளில் பதில் கொடுங்கள். ஊகித்துச் சொல்லும் ஒரு வாக்கியம் நான்கு புதுக் கேள்விகளைக் கொண்டுவரும்.